மாந்தோப்புக் காவலில் மூன்று நாள்

ஆம்பூரில் என் வீட்டு வாசலிலிருந்து என் தங்கை சரோஜாவின் வீட்டு வாசல் வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர். வண்டியின் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பேரணாம்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய காட்டோர ஊர் அது. எழுபத்தொரு வயதுக்குள் நான் வடக்கே டெல்லி வரை போய் வந்தவன். ஆனால் இந்த முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கண்டதை வேறெங்கும் கண்டதில்லை. நெஞ்சு படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கையின் கணவர் முனிரத்தினத்துக்கு நாற்பத்து மூன்று மாமரங்கள். போன வருஷக் காயில் பாதி யானைகளுக்குப் போய்விட்டது. இந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்து, பறிக்க மூன்றே நாள் இருக்கும்போது ஆந்திரக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிட்டன. பறிக்கிற ஆட்கள் வியாழக்கிழமைதான் வருவார்கள். அதுவரை பகலும் இரவும் காவல் பரணில் ஆள் இருக்க வேண்டும். போனில் அவர் சொன்னது இதுதான்: "இந்த வருஷமும் போச்சுன்னா மரத்தையெல்லாம் வெட்டிட்டு, உங்க ஊரு ஷூ கம்பெனில வாட்ச்மேன் வேலைக்கு வந்துட வேண்டியதுதான் மச்சான்."

காவலுக்கு நான் எதற்கு உதவுவேன் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, சர்க்கரை மாத்திரை இரண்டு, பயத்துக்கு மாத்திரை கிடையாது. ஆனாலும் கிளம்பினேன். மூன்று நாளுக்கு ஒன்பது மாத்திரை, கூடுதலாக ஆறு, டார்ச் விளக்கு ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி நான்கு.

வண்டி கரீம் பாயுடையது. நானும் அவரும் ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நான் தோல்களை எண்ணி, அளந்து, கணக்கு எழுதும் ரைட்டர். அவர் தோல் ஊறிச் சுழலும் பெரிய மர டிரம்களை ஓட்டியவர். இருபத்தெட்டு வருஷம் அந்த இரைச்சலில் நின்றதில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாதி. ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்ன சரக்கு வண்டி வாங்கி, சந்தைகளிலிருந்து உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு வந்து ஆம்பூரில் இறக்குகிறார். அந்த வண்டியை எங்கள் பக்கம் எல்லோரும் குட்டி யானை என்றுதான் சொல்வார்கள். காய் ஏற்றி வர வண்டி வேண்டும் என்றதும் அவர், "மாங்கா கெடக்குது ரைட்டரே, யானை வருமா? அதைச் சொல்லு மொதல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைத் துடைப்பத்தால் பெருக்கினார். பின்தட்டில் பதினோரு பலகைகள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாமே என்றேன். கழுவினால் தகரம் துருப்பிடிக்கும் என்று சொல்லி, பலகைகள் மேல் வைக்கோலைப் பரப்பிவிட்டார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

பேரணாம்பட்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் பின்சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. நாற்பது நிமிடம் வெயிலில் நின்றோம். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த பஞ்சர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் இரண்டு லாரிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓரளவு புரியும். மலைப்பாதையில் நேற்றுக் காலை ஒரு யானை குறுக்கே நின்றதாம். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டனவாம். "எவ்வளவு நேரம்?" என்று ஒருவர் கேட்க, "அதுக்கு எப்போ தோணுச்சோ அவ்வளவு நேரம்" என்றார் மற்றவர். நான் அதை கரீம் பாயின் வலது காதில் சொன்னேன். அவர் இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில்.

ஊருக்குள் நுழைந்தபோது சரோஜா சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். வண்டிக்குப் பத்தடி இருக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவளுடன் காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தார். நரசிம்முலு என்று பெயர், வனத்துறை வாச்சர், ஐம்பது வயதிருக்கும். வண்டியைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்து வேகத் தெலுங்கில் ஏதோ கேட்டார்.

"வண்டியில ஏதாவது செத்துக் கெடக்கான்னு கேக்கறாரு" என்றார் முனிரத்தினம்.

"செத்ததெல்லாம் ஆம்பூர்லயே எறக்கிட்டு வந்துட்டோம்னு சொல்லுப்பா" என்றார் கரீம் பாய்.

நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. பாலாற்றங்கரையில் பிறந்து தோல் கிடங்கில் வயதானவன் மூக்கு அப்படித்தான்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நரசிம்முலு என்னைக் குட்டைக்கரைக்கு அழைத்துப்போனார். தோப்பின் மேற்கு ஓரத்தில் சின்னக் குட்டை, அதற்கு அப்பால் முள் புதர், அதற்கு அப்பால் காடு. சேற்றில் அவர் காட்டிய தடத்தை நான் முதலில் யாரோ கூடை வைத்து எடுத்த இடம் என்று நினைத்தேன். யானையின் முன்கால். சுற்றளவை நூல் வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் வந்துவிடும் என்றார். கேட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. வேட்டி நுனியில் நூல் பிரித்து அளந்தேன். மூன்றே முக்கால் அடி. ஆக, ஏழரை அடி. பக்கத்திலேயே ஒரு சின்னத் தடம், தட்டு அளவு. குட்டியும் கூட இருக்கிறது என்றார். முப்பத்தொன்பது வருஷம் அளந்திருக்கிறேன். அளந்த பொருள் திரும்பி வந்து நம்மை மிதிக்கலாம் என்ற எண்ணத்தோடு அளந்தது அன்றுதான். திரும்பும்போது பரணுக்கும் குட்டைக்கரைப் புளியமரத்துக்கும் நடுவில் எத்தனை காலடி என்று எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

இரவுச் சாப்பாடு களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல். மூன்று உருண்டை சாப்பிட்டேன். வீட்டில் ஒன்றுக்கு மேல் தரமாட்டார்கள். என் வீட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலை. இருபத்து நான்கு மணி நேரமும் லாரி. இங்கே பரணில் படுத்தால் பூச்சிச் சத்தம் மட்டும். அந்த அமைதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் போனுக்கு ஆந்திராவுக்கு வரவேற்கிறோம் என்று நான்கு முறை செய்தி வந்தது. நான் நகரவே இல்லை.

புதன்கிழமை விடியற்காலையில் நரசிம்முலு என் தோளைத் தொட்டு, பேசாமல் கிழக்கே கை காட்டினார். பாறை மேட்டில் ஒரு கரடி. நான் கரடியை எருமைக் கன்று அளவில் கற்பனை செய்திருந்தேன். இது மயிர்க் கம்பளி போர்த்திய ஆள் மாதிரி இருந்தது. கறையான் புற்றைப் பறித்து, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. அந்தச் சத்தம் இவ்வளவு தூரம் கேட்டது. பதினேழு முறை எண்ணினேன். பிறகு பின்கால்களில் எழுந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தது. அதன் நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. எழுப்பிக் காட்ட கரீம் பாயைத் தேடினேன். அவர் முனிரத்தினத்தின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்புவதற்குள் கரடி போய்விட்டது. பிறகு அவர் என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை.

மதியம் கம்பங்கூழும் மோர் மிளகாயும். வெயில் உச்சியில் இருந்தது. கரீம் பாய் வண்டியை எடுத்துக்கொண்டுபோய் குட்டைக்கரைப் புளியமர நிழலில் நிறுத்தினார். குளிர்ந்த காற்று அங்கேதான் வரும், தூங்கி எழுந்து குட்டையில் கை கால் கழுவித் தொழவும் வசதி என்றார். போனில் நாலே முக்காலுக்கு அஸர் தொழுகைக்காக அலாரம் வைத்திருந்தார். அந்த அலாரம் கம்பெனி சங்கு மாதிரி. காதில் விழ வேண்டுமே என்று சத்தத்தை முழுசாக வைத்திருப்பார். முந்தின நாள் அது அடித்தபோது தோப்பிலிருந்த கிளிகள் அத்தனையும் கிளம்பிவிட்டன.

நாலு மணி இருபத்தொன்று. பரணில் நான், முனிரத்தினம், நரசிம்முலு. முள் புதர் அசைந்தது, காற்று இல்லை. முதலில் ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு சத்தமே இல்லாமல் முழு யானை வெளியே வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு நடக்கும்போது ஒரு சருகுகூட நொறுங்கவில்லை. பின்னால் குட்டி, அதற்குப் பின்னால் இன்னொரு பெரிய யானை. பகலில் இவ்வளவு துணிச்சலாக வந்ததில்லை என்று நரசிம்முலு முணுமுணுத்தார். குட்டையில் தண்ணீர் குடிக்கும் என்று பார்த்தோம். தாய் யானை தண்ணீரைப் பார்க்கவே இல்லை. துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்து, நேராக வண்டிக்குப் போனது.

வைக்கோலை ஒரே இழுப்பில் வெளியே தள்ளியது. பிறகு துதிக்கை நுனியால் பலகைகளைத் தடவித் தடவி வாயில் வைத்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்காகத் தோலிலிருந்து உதிர்ந்த உப்பு, பதினோரு பலகைகளிலும் ஊறிப்போன உப்பு. கோடையில் காட்டு யானைக்கு உப்பென்றால் உயிர் என்றார் நரசிம்முலு. உப்பு மூட்டையை நாங்களே ஓட்டிவந்து காட்டின் வாசலில் நிறுத்தியிருக்கிறோம். கழுவச் சொன்னவன் கழுவவைத்திருக்கலாம்.

வண்டியின் முன்பக்கக் கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி ஆடியது, கால்களும் ஆடின. ஆனால் எழவில்லை. வலது காதை இருக்கையில் அழுத்திப் படுத்திருந்தால் அவருக்கு இடி விழுந்தாலும் தெரியாது.

முனிரத்தினத்தின் ஒரு கையில் சரவெடி, இன்னொரு கையில் தீப்பெட்டி. நரசிம்முலு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். குட்டி பக்கத்தில் இருக்கும்போது வெடித்தால் தாய் எதிரே இருப்பதை மிதித்துவிட்டுத்தான் ஓடும் என்றார். அதே நேரத்தில் இரண்டாவது யானை தோப்புக்குள் புகுந்தது. முதல் கிளை முறிந்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. முனிரத்தினம் அந்தப் பக்கம் பார்த்தார். வண்டியிலிருந்து நீட்டிய கால்களைப் பார்த்தார். தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி நாலு முப்பத்தாறு. இன்னும் ஒன்பது நிமிடத்தில் அந்தச் சங்கு அலறும்.

நரசிம்முலு தான் போவதாகச் சொன்னார். அவர் போனால் கரீம் பாய் தூக்கக் கலக்கத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்து, செவிடருக்கே உரிய குரலில் யாரென்று கேட்பார். அதோடு முடிந்தது. டிரம் ஓடும் கொட்டகையில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் நாங்கள் தட்டிப் பேசுவோம். இரண்டு தட்டு என்றால் டிரம்மை நிறுத்து. மூன்று தட்டு என்றால் வாயைத் திறக்காதே, முதலாளி வருகிறார். இதை நான் சொன்னபோதே நான்தான் போக வேண்டும் என்பது மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. எனக்குப் பயம்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அதோடு ஒரு குதூகலமும் இருந்தது. பள்ளிச் சுவரை ஏறிக் குதித்த பிறகு அப்படி ஒன்று எனக்கு வந்ததில்லை.

பரணிலிருந்து இறங்கியதும் நரசிம்முலு ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துக் காற்றைப் பார்த்தார். எங்கள் முகத்தில் பட்டது, நல்லது என்றார். இடுப்பளவு கல் வரப்பை ஒட்டி, குனிந்து, அவர் முன்னே, நான் பின்னே. தொண்ணூறு அடி வரை வரப்பு மறைத்தது. அதற்குப் பிறகு வெட்டவெளி. அவர் வரப்பின் முனையில் படுத்துக்கொண்டு, போ என்று கை காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். நூற்றைந்தாவது அடியில் யானையின் வயிற்றுக்குள் உருளும் சத்தம் கேட்டது. நூற்றுப் பன்னிரண்டில் கரீம் பாயின் கணுக்கால்.

மூன்று தட்டு.

கண்ணைத் திறந்தார். பேசவில்லை. இடுப்பு நிமிர்ந்தது, கை தானாகச் சட்டைப் பித்தானைப் போட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த பயத்தோடு, முதலாளி எங்கே என்று புருவத்தால் கேட்டார். நான் பின்பக்கம் காட்டினேன். இருக்கைக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி முழுக்கச் சுருக்கமும் மயிருமாகச் சாம்பல் நிறம். அதன் நடுவில் ஈரமான ஒரு கண், நீண்ட இமை மயிர்.

போனைக் காட்டினேன். அவர் எடுத்து அணைத்தபோது நாலு நாற்பத்து மூன்று.

இறங்கிப் போய்விடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் குட்டி வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் இனி கால் வைக்க முடியாது. வரப்பு முனையில் நரசிம்முலு தரையை அமுக்குவது போல இரண்டு கைகளையும் அசைத்தார். நான் உள்ளே நழுவி உட்கார்ந்தேன்.

ஐம்பத்து நான்கு நிமிடம். குட்டி விளக்கைத் தடவியது, பம்பரில் தலையை வைத்துத் தள்ளிப் பார்த்தது. ஒருமுறை திறந்த கதவு வழியாகத் துதிக்கையை உள்ளே விட்டு என் முழங்காலைத் தொட்டது. ஈரமாக, சூடாக, ஒரு குழந்தையின் உள்ளங்கை மாதிரி. மூச்சு என் வேட்டியை உப்பவைத்தது. நான் கத்தவில்லை என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள். சாட்சிக்குக் கரீம் பாய் இருக்கிறார். பின்னால் ஒரு பலகை பிய்ந்து விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்த இடத்திலேயே கைகளைக் கட்டிக்கொண்டு தொழ ஆரம்பித்தார். வண்டி ஆடியது. அவர் நிதானமாகத் தலை குனிந்து நிமிர்ந்தார். எனக்குக் கும்பிடத் தெரியும், அந்த நேரத்தில் ஒரு சாமி பெயரும் வரவில்லை. அவர் முடிக்கும் வரை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோப்பிலிருந்து கிளை முறியும் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு நான் சரவெடியை எதிர்பார்த்தேன். வெடிக்கவில்லை.

ஐந்து முப்பத்தேழுக்குத் தாய் யானை பெருமூச்சு விட்டுத் திரும்பியது. குட்டி ஓடிப்போய் அதன் வயிற்றுக்கு அடியில் சேர்ந்துகொண்டது. தோப்பிலிருந்து மற்றது வந்தது. மூன்றும் குட்டையைத் தாண்டின.

"போய்ட்டுதா?" என்று கேட்டார் கரீம் பாய், பொறுத்துப் பொறுத்து வைத்திருந்த குரல் அத்தனையும் சேர்த்து.

தாய் யானை நின்றது. காதுகளை விரித்து முழுசாகத் திரும்பி எங்களைப் பார்த்தது. நான் அவர் வாயைப் பொத்தினேன். பன்னிரண்டு வரை எண்ணினேன். அப்புறம் அதற்கு எங்கள் மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது போல, புதருக்குள் நடந்தது. நாங்கள் இரண்டு கிழவர்களும் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம்.

அன்று மாலை யாரும் தோப்புக்குள் போகவில்லை. நரசிம்முலு முதல் வேலையாகப் பலகைகளைக் கழற்றி, காட்டிலிருந்து தள்ளி ஊருக்குள் அடுக்கவைத்தார். வண்டியைக் கிணற்றடியில் இருபத்தாறு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தகரம் துருப்பிடிக்கும் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் பறிக்கும் ஆட்கள் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்கள் கூடைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது நான் தோப்புக்குள் மரம் மரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எப்படிச் சொல்வது என்று முனிரத்தினத்தின் எதிரில் நின்றேன். அவர் கூடைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"ஆறு மரம் மச்சான். பரண்ல நின்னே எண்ணிட்டேன். ஒடிய ஒடிய."

"இன்னா சொல்றாரு?" என்று கரீம் பாய் என்னைக் கேட்டார். நான் அவருடைய வலது காதில் சொன்னேன். முறிந்தபோது ஒரு சத்தமும் கேட்டிராத மனிதர். மெதுவாகப் போய்ப் பார்த்தார். பால் வடிந்து காய்ந்திருந்த ஒரு கிளையைத் தொட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. நாற்பது வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் தூங்கினதுக்கு ஆறு மரமா?"

முனிரத்தினம் கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க தூங்கினதுக்கு இல்ல பாய். உசுரோட எழுந்திரிச்சதுக்கு. புடிங்க, இன்னும் முப்பத்தேழு மரம் இருக்குது."